பதினொரு ஓவியங்களும் நான்கு பக்க ஒப்பந்தமும்

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகளாக ஓவியம் வரைகிறேன். ஏழு மாதங்களுக்கு முன்பு ஒரு கேலரி என் ஓவியங்களை விற்றுத் தருவதாகச் சொன்னது. நம்பி, பதினொரு ஓவியங்களைக் கொடுத்தேன். ‘ஓவியங்கள் 11, பெற்றுக்கொண்டோம்’ என்று ஒரு சீட்டு மட்டும் தந்தார்கள். அவற்றில் இரண்டு விற்றுப்போன செய்தி அவர்கள் சொல்லித் தெரியவரவில்லை. வாங்கியவர் தம் வீட்டுச் சுவரைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கேட்டதற்கு, “தவணையில் கட்டுகிறார், முடிந்ததும் கணக்குப் பார்க்கலாம்” என்றார்கள். ஐந்து மாதம் ஆகிவிட்டது. இப்போது நான்கு பக்க ஒப்பந்தம் ஒன்றை அனுப்பிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். கமிஷன் பாதிக்குப் பாதி என்று போட்டிருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? கேள்வி கேட்டால் உறவு கெட்டுவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. ஒப்பந்த நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள ஓவியருக்கு,

இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்காகக் கேலரியோடு சண்டைக்கும் போக வேண்டாம். நீங்கள் அனுப்பிய நான்கு பக்கங்களையும் மூன்று முறை படித்தேன். பெரும்பகுதி எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கும் வாசகங்கள்தாம். உங்களுக்குக் கெடுதல் செய்யக்கூடியவை ஒரு சில வரிகள்தாம். அவை மாறினால், தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள் என்று நானே சொல்வேன்.

ஒரு கேலரியின் சுவருக்கு ஓவியம் போய்ச் சேர இரண்டு வழிகள் உண்டு. கேலரியே காசு கொடுத்து வாங்கிக்கொள்வது ஒன்று. அத்தோடு ஓவியம் அவர்களுடையது. விற்றாலும் விற்காவிட்டாலும் லாபநஷ்டம் அவர்களைச் சேர்ந்தது. நீங்கள் செய்திருப்பது மற்றது: விற்றுத் தரும்படி ஒப்படைப்பது. வணிகத்தில் இதைக் கன்சைன்மென்ட் என்கிறார்கள். இதில் ஓவியம் இடம் மாறுகிறதே தவிர, கை மாறுவதில்லை. கேலரி உங்கள் முகவர். அவர்களிடம் இருப்பது அடைக்கலப் பொருள். வாங்குபவருக்கு விற்கப்படும்வரை ஓவியம் உங்களுடையது. கட்டிய பணத்தில் உங்கள் பங்கும் உங்களுடையது. கேலரியின் வங்கிக் கணக்கில் கிடந்தாலும் அது கேலரியின் பணம் ஆகாது. இந்த நிமிடத்தில் இது யாருடைய பொருள் என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் உங்கள் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் உரசிப் பார்த்தேன்.

மூன்றாம் பக்கத்தில் அந்தக் கேள்விக்குத் தவறான விடை எழுதியிருக்கிறார்கள். ‘கேலரி தன்வசம் உள்ள படைப்புகளைக் காட்சிக்கு வைக்கவும், இரவல் கொடுக்கவும், ஈடு வைக்கவும் உரிமை உடையது.’ காட்சிக்கு வைப்பது சரி. இரவல் கொடுப்பதும், ஒவ்வொரு முறையும் உங்கள் எழுத்துச் சம்மதம் பெற்றால் சரி. ஈடு வைப்பது எந்த ஊர் நியாயம்? அடைக்கலமாக வந்த பொருளை அடகு வைக்க யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள். இந்த ஒரு சொல்லை நீக்க மறுத்தால் ஓவியங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்கலாம், இதில் கூடாது.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நியூயார்க்கில் சலாண்டர்-ஓரெய்லி என்று பெயர்பெற்ற கேலரி ஒன்று இருந்தது. 2007இல் அது திவாலானது. உரிமையாளர் லாரன்ஸ் சலாண்டர் 2010இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மோசடித் தொகை ஏறத்தாழ 12 கோடி டாலர். தண்டனை 6 முதல் 18 ஆண்டு சிறை. அமெரிக்க ஓவியர் ஸ்டூவர்ட் டேவிஸின் மகன், தந்தையின் படைப்புகளை அங்கேதான் ஒப்படைத்திருந்தார். சலாண்டர் அவருக்கு நண்பர். ஓவியங்கள் பத்திரமாக இருப்பதாக அவர் எண்ணிக்கொண்டிருக்க, அவருக்குத் தெரியாமலே பல விற்கப்பட்டிருந்தன. அங்கே வேறொருவர் விற்கக் கொடுத்திருந்த, பழைய இத்தாலிய ஓவியர் பொட்டிசெல்லியின் ஓவியம் ஒன்றுக்கு, கேலரிக்குக் கடன் கொடுத்தவர்களின் தரப்பு திவால் நடவடிக்கையில் உரிமை கோரி, வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஒப்படைத்தவர்கள் தங்கள் உரிமையை முறைப்படி பதிவு செய்யாததுதான் எதிர்த்தரப்பின் பிடி.

இத்தனைக்கும் கலைஞரைக் காக்கத் தனிச் சட்டம் இருந்த ஊர் அது. கலைஞர் விற்கக் கொடுத்த படைப்பு வணிகரிடம் நம்பிக்கைப் பொறுப்பில் உள்ள சொத்து, விற்ற பணத்தில் கலைஞரின் பங்கும் அப்படியே என்று நியூயார்க் மாநிலம் 1966இலேயே சட்டம் செய்தது. சலாண்டர் விவகாரத்துக்குப் பிறகு 2012இல் அதை இறுக்கி, அந்தப் பணத்தைத் தன் பணம்போல் கையாளுவதைக் குற்றமாகவே ஆக்கினார்கள். இப்படிப்பட்ட சட்டம் எல்லா நாட்டிலும் இல்லை. இல்லாத இடத்தில் உங்களுக்குத் துணை ஒப்பந்தம்தான். ஆகவே ஈடு வைக்கும் வரியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: ‘முழு விலையும் செலுத்தப்படும்வரை படைப்பின் உடைமை கலைஞருடையது. விற்ற பணத்தில் கலைஞரின் பங்கைக் கேலரி தனிக் கணக்கில், கலைஞருக்காகப் பொறுப்பேற்று வைத்திருக்கும். படைப்போ அந்தப் பணமோ கேலரியின் கடன்களுக்கு ஈடாகாது.’ அமெரிக்காவில் யுசிசி-1 என்ற படிவத்தைத் தாக்கல் செய்து, இது என் பொருள் என்று கேலரிக்குக் கடன் கொடுப்பவர்களுக்கு முன்கூட்டியே அறிவித்துவிடலாம். உங்கள் நாட்டில் அப்படிப் பதிவு செய்யும் வசதி உண்டா என்று அங்குள்ள வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

என் கண்ணால் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, கடனில் மூழ்கிய கேலரி ஒன்றுக்கு அதிகாரிகள் பூட்டுப் போட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஓவியர் தம் படங்களை மீட்க என்னை அழைத்துப் போனார். நிலவறையில் சுவரோரமாக நாற்பது ஐம்பது படங்கள் முதுகைக் காட்டிச் சாய்ந்திருந்தன. அதிகாரி கையில் கேலரியின் இருப்புப் பட்டியல். அதில் ‘நிலக்காட்சி, எண்ணெய் வண்ணம்’ என்றே ஆறு பதிவுகள். எது யாருடையது? ஓவியர் ஒவ்வொரு சட்டகமாகத் திருப்பினார். அவருடைய ஐந்து படங்களில் மூன்றின் பின்பக்கம், கேன்வாஸை இழுத்து அடித்த மரச் சட்டகத்தில், பென்சிலால் பெயரும் தலைப்பும் ஆண்டும் வரிசை எண்ணும் எழுதியிருந்தார். அந்த எண்கள் அவரிடம் இருந்த ரசீதிலும் இருந்தன. மூன்றையும் அன்றே கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்கள். மற்ற இரண்டு ஓராண்டுக்கு மேல் அங்கேயே கிடந்தன. வரைந்த கைக்குத் தன் கோடு தெரியும். சட்டத்துக்குத் தாள்தான் தெரியும். பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு அவர் நின்ற நிலை இன்னும் என் நினைவை விட்டுப் போகவில்லை.

உங்கள் சீட்டு ‘ஓவியங்கள் 11’ என்கிறது. எந்தப் பதினொன்று? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நீங்கள் உங்கள் உழைப்பையே அளக்காமல் போட்டிருக்கிறீர்கள். ஒப்பந்தத்தோடு ஓர் அட்டவணை இருக்க வேண்டும்: தலைப்பு, ஆண்டு, ஊடகம், சட்டகம் இல்லாத அளவு, விற்பனை விலை, ஒப்படைத்த தேதி, அன்றைய நிலை. நிலை என்றால் ‘நன்று’ என்று ஒரு சொல்லோடு முடித்துவிடக்கூடாது. மேல் வலது மூலையில் நகக்கண் அளவு உரிந்திருந்தால் அதை அப்படியே எழுதி, முன்னும் பின்னும் படம் எடுத்துச் சேருங்கள். ஒப்பந்தத்துக்குக் காத்திருக்காமல், மீதி ஒன்பது ஓவியங்களுக்கும் இந்த வாரமே இதைச் செய்துவிடலாம்.

அடுத்தது பணம். கமிஷன் பாதி என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 40 முதல் 50 சதவீதம் என்பது கேலரிகள் வழக்கமாகக் கேட்பதுதான். இடம், விளக்கு, அச்சு, திறப்பு விழா, வாங்குபவரைத் தேடிப் பிடிப்பது என்று உண்மையாக உழைக்கும் கேலரிக்கு அது நியாயமான கூலி. ஆனால் எதன் பாதி? இரண்டாம் பக்கத்தில், ‘கமிஷன் பட்டியல் விலையின் மீது கணக்கிடப்படும்’ என்கிறார்கள். நான்கு வரி தள்ளி, ‘20 சதவீதம் வரை தள்ளுபடி வழங்குவது கேலரியின் விருப்பம்; தள்ளுபடி கலைஞரின் பங்கில் கழிக்கப்படும்’ என்கிறார்கள். தனித்தனியே படித்தால் சாதாரணமாகத் தெரியும் இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படியுங்கள். பட்டியல் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். 20 தள்ளுபடி போக, வாங்குபவர் கட்டுவது 80. கேலரிக்குப் பட்டியல் விலையில் பாதி, அதாவது 50. உங்களுக்கு 30. வந்த பணத்தில் 62.5 சதவீதம் அவர்களுக்கு, 37.5 சதவீதம் உங்களுக்கு. சட்டகம் போட்ட செலவும் வண்ணம், கேன்வாஸ் செலவும் அந்த முப்பதுக்குள் அடங்க வேண்டும். இதற்குப் பெயர் பாதிக்குப் பாதி அல்ல.

சரியாக எழுதினால் இப்படி வரும்: கமிஷன், உண்மையில் பெற்ற விலையின் மீது. தள்ளுபடி 10 சதவீதம் வரை கேலரியின் விருப்பம், அதை இருவரும் சமமாக ஏற்பது. அதற்கு மேல் போனால் உங்கள் எழுத்துச் சம்மதம். அப்போது 100க்குப் பட்டியலிட்ட ஓவியம் 90க்குப் போனால் ஆளுக்கு 45. அடிக்கடி வாங்குபவருக்குச் சிறு தள்ளுபடி கொடுப்பது இந்தத் தொழிலில் நடப்பதுதான்; அதை மறுக்காதீர்கள். சுமையை ஒருவர் தலையில் மட்டும் ஏற்றுவதைத்தான் மறுக்க வேண்டும். 

தவணை விஷயம் இன்னும் முக்கியம், ஏனென்றால் உங்களுக்கு இப்போதே நடந்துகொண்டிருப்பது அது. 100க்கு விற்ற ஓவியத்துக்கு வாங்கியவர் 25 வீதம் நான்கு தவணை கட்ட ஒப்புக்கொள்கிறார் என்று வையுங்கள். வரும் பணத்தில் கேலரி தன் பங்கை முதலில் எடுத்துக்கொண்டால், இரண்டு தவணையில் அதன் 50 தீர்ந்துவிடும். மூன்றாம் தவணையோடு வாங்கியவர் கையை விரித்துவிட்டால் கேலரிக்கு முழுப் பங்கு, உங்களுக்கு 25. ஓவியமோ அவர் வீட்டுச் சுவரில். முதலில் வரும் பணம் கலைஞருக்கே, அவர் பங்கு தீர்ந்த பிறகே கேலரிக்கு என்று எழுதுவது நல்லது. அது முடியாதென்றால், ஒவ்வொரு தவணையையும் வந்த 30 நாட்களுக்குள் சமமாகப் பிரிக்கலாம். எதுவானாலும், பணம் முழுதாகக் கட்டி முடியும்வரை ஓவியம் கேலரியை விட்டு வெளியே போகக்கூடாது. நீண்ட நாள் பழகியவர், கொடுக்காமல் இருக்க முடியாது என்று கேலரி சொன்னால், பாக்கிக்குக் கேலரியே பொறுப்பு என்று எழுதித் தரட்டும்.

காப்பீடு பற்றி உங்கள் ஒப்பந்தத்தில் இருப்பது ஒரே வரி: ‘கேலரி தக்கதெனக் கருதும் காப்பீட்டைச் செய்யும்.’ தக்கதில்லை என்று கருதினால்? கலைப்பொருள் காப்பீட்டில் ‘ஆணியிலிருந்து ஆணி வரை’ என்றொரு சொல்வழக்கு உண்டு. உங்கள் சுவரின் ஆணியிலிருந்து இறக்கியது முதல், அவர்கள் சுவரில் தொங்கி, மறுபடி உங்கள் ஆணிக்குத் திரும்பும்வரை வண்டிப் பயணம் உட்பட எல்லாவற்றுக்கும் காப்பு. அதைக் கேளுங்கள். தொகை, குறைந்தபட்சம், விற்றால் உங்களுக்குக் கிடைக்கும் பங்கின் அளவுக்கு இருக்க வேண்டும். கிழிந்தாலோ நனைந்தாலோ சீர்செய்வதற்கு முன் உங்களைக் கேட்க வேண்டும் என்பதையும் விட்டுவிடாதீர்கள். வேறொருவர் தூரிகை உங்கள் வானத்தில் நீலம் பூசுவதை நீங்கள் தாங்கமாட்டீர்கள். போக்குவரத்துச் செலவில், கொண்டுபோவது உங்கள் செலவு, திருப்பி அனுப்புவது அவர்கள் செலவு என்று பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள்.

கடைசிப் பக்கத்தில், ஒப்பந்தக் காலம் முடிந்து 30 நாட்களுக்குள் எடுத்துச் செல்லப்படாத படைப்புகள் ‘கேலரியின் உடைமையாகும்’ என்று ஒரு வரி. நீங்கள் ஒரு மாதம் உடம்பு சரியில்லாமல் படுத்தால் ஒன்பது ஓவியங்கள் போய்விடும். கேலரியின் சங்கடமும் எனக்குப் புரிகிறது. ஆண்டுக்கணக்கில் எடுக்காமல் விட்ட படங்கள் அடைத்துக்கொண்டு நிற்கும் பின்னறைகளை நான் பார்த்திருக்கிறேன். அதற்குத் தீர்வு, எழுத்தில் அறிவிப்பு கொடுத்து 60 நாள் பொறுத்து, பிறகு இருப்புக் கட்டணம் வாங்குவது. உடைமையை எடுத்துக்கொள்வது அல்ல.

காலம் என்று சொல்லும்போது, உங்கள் ஒப்பந்தத்தில் ஐந்து ஆண்டு என்று இருப்பது மிக நீளம். நீண்ட காலத்துக்குக் கட்டுப்பட்டபின் மீள்வது எளிதல்ல. அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோ 1970இல் இறந்ததும், அவருடைய சொத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டிய மூவர், 798 ஓவியங்களில் 100ஐ மார்ல்பரோ கேலரியின் தரப்புக்கு 18 லட்சம் டாலருக்கு, வட்டியில்லாமல் 12 ஆண்டுத் தவணையில் விற்றார்கள். மீதியை விற்றுக் கொடுக்க 50 சதவீதக் கமிஷனில் அதே கேலரியிடம் ஒப்படைத்தார்கள். மூவரில் சிலருக்கு அந்தக் கேலரியோடு சொந்த ஆதாயத் தொடர்பு இருந்தது. மகள் கேட் வழக்குத் தொடுத்து, 1975இல் நீதிமன்றம் ஒப்பந்தங்களை ரத்து செய்து, மூவரையும் நீக்கியது. 1977இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. உங்களுடையது அவ்வளவு பெரிய கதை இல்லை. ஆனால் ஆறு மாதமோ ஓராண்டோ போட்டு, பிடித்திருந்தால் புதுப்பித்துக்கொள்வதில் இருவருக்குமே நஷ்டமில்லை. முன்கூட்டி விலகுவதென்றால் இருதரப்பும் 30 நாள் அறிவிப்புக் கொடுத்தால் போதும்.

பதிப்புரிமை உங்களிடமே இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். நல்லது, அதைத் தொட வேண்டாம். வாங்கியவர் பெயரைத் தர கேலரிகள் தயங்குவார்கள், ஓவியரே நேரே போய் விற்றுவிடுவார் என்ற அச்சம். ஆனால் இருபது ஆண்டு கழித்து உங்கள் மொத்தப் படைப்புகளையும் ஒரே கூடத்தில் காட்ட யாராவது முன்வந்தால், எந்த ஓவியம் எங்கே இருக்கிறதென்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெயர் வேண்டும், ஓராண்டுக்கு அவர்களோடு நேரடி வியாபாரம் செய்யமாட்டேன் என்று எழுதித் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். உங்கள் பங்குக்கு, கேலரியில் 100க்குத் தொங்கும் ஓவியத்தைப் போன்ற ஒன்றை உங்கள் வீட்டிலிருந்து 60க்கு விற்காதீர்கள். அது அவர்களுக்குச் செய்யும் துரோகம், உங்கள் விலைக்கும் நீங்களே வைக்கும் வேட்டு.

உறவு கெட்டுவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். கடிதத்தில் எனக்கு மிகவும் வலித்த வரி அதுதான். பன்னிரண்டு ஆண்டு வரைந்த ஒருவர், தன் சொந்தப் பணத்தைக் கேட்கப் பயப்படுகிறார். ஒப்பந்தத்தை அனுப்பியதே அவர்களும் எழுத்தில் வைத்துக்கொள்ள விரும்புவதன் அடையாளம். பென்சிலால் திருத்தம் எழுதித் திருப்பி அனுப்புவது இந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பது. நல்ல கேலரிக்காரர் அதைப் பார்த்து முகம் சுளிக்கமாட்டார். உங்களைத் தொழில் தெரிந்தவராக நடத்தத் தொடங்குவார்.

ஆனால் விற்றுப்போன இரண்டு ஓவியங்களை இந்தத் திருத்தங்களோடு கலக்காதீர்கள். புதிய ஒப்பந்தம் அவற்றையும் தனக்குள் இழுத்துக்கொள்ளாமல் இருக்க, அது கையெழுத்தாகும் நாளிலிருந்தே நடைமுறைக்கு வரும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இன்றே தனியாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், கோபமில்லாமல், நான்கே வரியில்: இன்ன தலைப்புள்ள இரண்டு ஓவியங்கள் விற்றதை அறிந்தேன், ஒவ்வொன்றும் என்ன விலைக்கு, எந்தத் தேதியில் விற்றது, இதுவரை எவ்வளவு வந்தது, பாக்கி தவணைகள் எந்தெந்தத் தேதியில் என்ற விவரம் வேண்டும், வந்த தொகையில் என் பாதியைப் பத்து நாட்களுக்குள் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசியில் பதில் சொன்னால், பேசியதைச் சுருக்கி அன்று மாலையே மின்னஞ்சலில் போட்டுவிடுங்கள். பத்து நாளில் கணக்கு வந்தால் ஒப்பந்தத் திருத்தங்களை அடுத்து அனுப்புங்கள். வராவிட்டால், மீதி ஒன்பது ஓவியங்களையும் எடுத்து வர ஒரு வண்டியும், கூட ஒரு நண்பரும், கையில் அந்த அட்டவணையும் ஏற்பாடு செய்துகொண்டு எனக்கு எழுதுங்கள். அடுத்த கடிதத்தை நான் வரைந்து தருகிறேன்.